ரோக்சவீனின் இருபத்துமூன்று கதவுகள்

தென் பிரான்சில், வெர்லாஸ் என்ற ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து அறுத்து வழி செய்துகொண்ட பெரும் பள்ளத்தின் விளிம்பில், கழுகுகள் கீழே பறக்க மனிதர்கள் மேலே குடியிருக்கும் ரோக்சவீன் என்ற ஊரில், ஓர் ஒக்டோபர் காலை இருபத்துமூன்று வீடுகளின் வாசற்கதவுகளும் தெருப்பக்கத்தை விட்டுப் போய், வீடுகளின் முதுகுப்பக்கத்தில், நூற்றைம்பது அடிப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றன. ரொட்டிக்கடை அர்மான்தான் முதலில் எழுகிறவர். வழக்கம்போலக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தார், கால் காற்றில் போயிற்று, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் பிழைத்தார், அவருடைய ஒரு சப்பாத்து மட்டும் ஆற்றுக்குப் போனது. மற்ற வீட்டுக்காரர்கள் அவர் போட்ட கூச்சலில் எச்சரிக்கையானார்கள். ஜன்னல் வழியாகத் தெருவில் குதித்துப் பார்த்தபோது கதவு இருந்த இடமெல்லாம் பாசி படிந்த பழங்கல் சுவராக இருந்தது, எண்ணூறு வருடமாக அங்கே சுவரே இருந்ததுபோல.

அந்த ஊருக்கு ஒரே தெரு. ஒரு பக்கம் தேவாலயத்தின் நீளச் சுவர், மறுபக்கம் ஒன்றோடொன்று தோள் ஒட்டிய இருபத்துமூன்று வீடுகள். முந்தின நாள் மாலை நாலரை மணிக்கு அந்த இருபத்துமூன்று கதவுகளையும் இரண்டு பேர் வரிசையாகத் தட்டினார்கள். ஒன்றும் திறக்கவில்லை.

தட்டியவர்கள் பேரின்பநாதனும் அவர் மனைவி மங்களேஸ்வரியும். பேரின்பநாதன் யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர், பாரிசுக்கு வந்து இருபத்தேழு வருடம் ஓர் உணவகத்தின் அடித்தளத்தில் கோப்பை கழுவியவர். பென்சன் எடுத்த முதல் மாதம், இந்த நாட்டில் நான் பார்த்தது கழுவுதொட்டி மட்டும்தான், இனி இதன் கல்லையும் ஆற்றையும் பார்க்கப்போகிறேன் என்று சொல்லி, மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தார். நாலு நாளில் ஏழு ஊர் பார்த்தார்கள். கோட்டைவாசல்களுக்கு முன்னால் நின்று அவர் அளவுநாடாவால் அகலம் எடுத்தார், தூண்களைத் தட்டிப் பார்த்தார், பள்ளங்களின் விளிம்பில் வயிற்றில் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தார். முழங்கால் வலியோடு மங்களேஸ்வரி பின்னால் வந்தாள். அவளுக்குக் கல்லில் அக்கறை இல்லை. ஆனால் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதன் இப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை.

"இஞ்சை பாரும் மங்களம், வாசலுக்கு மேலை அந்த ஓட்டை தெரியுதே? பகையாளி வந்தால் மேலை நிண்டு கொதிதண்ணி ஊத்திறதுக்கு விட்டது."

"வந்த ஆக்களுக்குக் கொதிதண்ணி ஊத்தின ஊருகளைத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து பாக்கிறியள்."

"அது எண்ணூறு வருசத்துக்கு முந்தியப்பா."

ஐந்தாம் நாள் ரோக்சவீனுக்கு வந்தார்கள். காரை ஆற்றோரத்துத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, இருநூற்றுச் சொச்சம் படி ஏறி மேலே வந்து தெருவின் நடுவுக்குப் போனபோது வானம் உடைந்தது. அந்தப் பக்கத்து இலையுதிர்கால மழை மழைபோலப் பெய்யாது, தொட்டியைக் கவிழ்த்ததுபோல விழும், ஒரு மாதத்து மழையை ஒரு பின்னேரத்தில் கொட்டிவிடும். தேவாலயம் பூட்டியிருந்தது. ஒதுங்க ஒரு கூரை நீட்டம்கூட இல்லை. அவர்கள் முதல் கதவைத் தட்டினார்கள், இரண்டாவதைத் தட்டினார்கள். அவர் விரல் முட்டியால் இரண்டு தரம் மெல்லத் தட்டி, மன்னிக்கவேணும் என்று பிரெஞ்சில் சொல்லிக் காத்து நிற்பார், அவள் உள்ளங்கையால் அடிப்பாள். ஏழாவது வீட்டின் நீலக் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் இருந்தது, அவள் தட்டியதும் அணைந்தது. பதினாறாவது வீட்டில் உள்ளே யாரோ இருமினார்கள். இருபத்துமூன்றாவது வீட்டைத் தட்டி முடிந்தபோது அவளுடைய உதடு நீலமாகியிருந்தது. காருக்குப் போவோம், சூடாக்கி போட்டுக்கொண்டு இருப்போம் என்று அவர் சொன்னார். படியிறங்கிக் காரைத் தொட்டபோது மேலே எங்கோ நிரம்பிய ஆறு மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வளைவில் திரும்பி வந்தது. அவர் அவளைத் தூக்கி ஓர் அத்திமரக் கவட்டில் ஏற்றினார். இரண்டாவது ஆளாக அந்த மரத்தில் ஏற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

விடிந்ததும் தீயணைப்புப் படையினர் படகில் வந்து அவளை மரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். போர்வைக்குள் நடுங்கியபடி அவள் மேலே பார்த்தாள். பாறைச்சுவரின் உச்சியில், காற்றைப் பார்த்தபடி, இருபத்துமூன்று கதவுகள் வரிசையாகத் தொங்கின. ஏழாவது நீலம். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. நேற்றுப் பின்னேரமும் அவை அப்படித்தான் இருந்தன என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் பேரின்பநாதன் பள்ளத்தின் வாய்க்கு அப்பால், ஒரு திராட்சைத் தோட்டத்து வேலியில் கிடைத்தார். விசாரணை அறிக்கை, எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல் ஆற்றோரம் வாகனம் நிறுத்தியதால் நேர்ந்த மரணம் என்றது. அந்தப் பலகை இரண்டு வருடமாகக் காஞ்சொறிப் பற்றைக்குள் மல்லாந்து கிடந்தது. அறிக்கையோடு ஊராரின் வாக்குமூலம் இருபத்துமூன்று, ஒரே அச்சில் வார்த்ததுபோல: நாங்கள் எதையும் கேட்கவில்லை, எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.

பாரிசில் அவரை எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து, ஆஸ்பத்திரிச் சலவைப்பகுதி வேலைக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மங்களேஸ்வரி ரயில் ஏறித் திரும்பி வந்தாள். ஆற்றின் அக்கரையில் ஓர் அறை எடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நாலரைக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, தெருவில் நின்று, கதவு இருந்த இடங்களைத் தட்டினாள். சொந்தக்காரர்களுக்கே எந்தக் கல்லுக்குப் பின்னால் தங்கள் வாசல் இருந்தது என்பது மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை. ஆற்றிலிருந்து பொறுக்கிய ஓர் உருண்டைக் கல்லால் மூன்று தரம் தட்டுவாள், பிறகு உள்ளே யார் என்று தமிழில் கேட்பாள்:

"உள்ளுக்கை ஆர்?"

சுவரில் தட்டினாலும் உள்ளே மரக்கதவில் தட்டுவதுபோலவே கேட்டது. இருபத்துமூன்று வீட்டிலும் கேட்டுவிட்டு இறங்கிப் போவாள்.

ஊர் என்ன செய்தது? ஊர் பழகிக்கொண்டது. முதல் வாரம் சுவரை இடித்தார்கள். இடித்த ஓட்டை மறுநாள் காலை புண் ஆறுவதுபோலப் பாசியோடு மூடிக்கொண்டது, நாலைந்து தரம் இடித்துக் கை காய்த்ததும் விட்டார்கள். பிறகு ஏணி வாங்கினார்கள். ஜன்னலால் போகவும் வரவும் படித்தார்கள், குண்டானவர்கள் மெலிந்தார்கள், தபால்காரி கடிதங்களைத் தடியில் குத்தி நீட்டினாள், வயதானவர்களுக்குக் கப்பியும் கூடையும் வைத்தார்கள், பத்தொன்பதாம் வீட்டில் செத்த கிழவரைப் பெட்டியோடு கயிறு கட்டி இறக்கினார்கள், பாதிரியார் ஏணியின் நாலாம் படியில் நின்று ஜெபம் சொன்னார். காப்புறுதிக் கம்பனி, கதவு களவு போகவில்லை, சேதமாகவில்லை, வீட்டில்தான் இருக்கிறது என்று கடிதம் எழுதியது. பள்ளத்துப் பக்கம் திறந்த கதவுகளால் காற்று நன்றாக வருகிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பின்னேரத் தட்டலுக்கும் பழகினார்கள். அவள் தட்டும் நேரத்துக்கு உலையில் தண்ணீர் வைத்தார்கள். பிள்ளைகள் கண்ணைப் பொத்தி விளையாடும்போது உள்ளுக்கை ஆர், உள்ளுக்கை ஆர் என்று தமிழில் கத்தினார்கள். எதற்கும் பழகிக்கொள்ளும் அந்த ஊர், ஏன் என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வசந்தம் வந்ததும் சனம் பார்க்க வந்தது. மேயர் காஸ்தான்யே படம் போட்ட கையேடு அடித்தார். எட்டாம் வீட்டுக்காரர் அவர், நல்ல உயரம், நல்ல குரல், எல்லார் வீட்டுச் செத்தவீட்டிலும் பேசுகிறவர். பகைவரிடமிருந்து ஊரைக் காப்பாற்ற ஒரு புனிதர் கதவுகளைத் திருப்பி வைத்தார் என்று கையேடு சொன்னது. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் படம், கல்லோடு சுவருக்கு முன்னால் நிற்கும் மங்களேஸ்வரி. கீழே, தினமும் நாலரை மணிக்கு, கீழைநாட்டுப் பக்தை என்று எழுதியிருந்தது.

அதை அவள் ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கக் கண்டாள். கிழித்தெடுத்தாள். நேரே எட்டாம் வீட்டுக்குப் போனாள். மேயர் அப்போதுதான் ஜன்னலில் ஒரு காலை வெளியே போட்டிருந்தார். அவள் ஏணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

அவர்கள் பேசியது பிரெஞ்சு, அதை நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன்.

"அம்மா, ஏணியை வையுங்கோ. எனக்கு எழுபது வயது."

"என்ரை மனுசனுக்கு அறுபத்தஞ்சு. பகையாளி எண்டது ஆரை? அவரையோ?"

"அது பழைய கதை. புனிதற்றை கதை."

"போன பங்குனியிலை அச்சடிச்ச பழங்கதை. அண்டைக்கு நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்களோ, இல்லையோ?"

"நான் ஏற்கெனவே எழுதிக் குடுத்திட்டன். மழைச் சத்தம். ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்கேல்லை."

"ரெண்டு கையாலும் அடிச்சனான்! இஞ்சை பாருங்கோ, இந்தக் கை வீங்கி நாலு நாள் மடக்கேலாமல் கிடந்தது. இருபத்துமூண்டு வீட்டிலையும் செவிடரோ? செவிடர் எண்டால் அதைக் கையேட்டிலை போடுங்கோ. செவிடர் ஊர் எண்டு போடுங்கோ, சனம் வந்து பாக்கட்டும்!"

சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அவள் ஒருத்தனுடைய தொலைபேசியைப் பறித்துத் தேவாலயச் சுவரில் அடித்தாள். மேயர் ஜன்னலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, ஊருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, ஒரு விபத்துக்காக அதைக் கெடுக்க முடியாது என்று பேசிக்கொண்டே இருந்தார். அப்போது பக்கத்து ஏழாவது வீட்டு ஜன்னல் திறந்தது. ஜிஸ்லேன் தலையை நீட்டினாள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்த, தனியாக இருக்கும் பெண்.

"நான் உள்ளுக்கை இருந்தனான்," என்றாள். "தட்டினது கேட்டது. ஜன்னல் பலகை இடுக்காலை பாத்தனான். ரெண்டு பேர், கறுவல், நனைஞ்சு போய் நிண்டியள். பயமில்லை. பொய் சொல்லக்கூடாது, பயமே இல்லை. நிலம் அப்பதான் துடைச்சனான். சேறாக்குவியள் எண்டு லைட்டை நிப்பாட்டினனான்."

மங்களேஸ்வரி அவளையே பார்த்தாள். நிலம் துடைத்திருந்ததா? இவ்வளவுதானா? நெஞ்சு நிறைந்த ஒரு வெறுப்பையாவது அவள் எதிர்பார்த்திருந்தாள், ஒரு மனிதன் சாவதற்கு அந்த அளவுக்காவது ஏதும் வேண்டாமா? ஈரத் துடைப்பத்துக்காகவா? அவள் கையிலிருந்த கல்லை ஓங்கினாள், எறியவில்லை, ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஏழாவது வீட்டின் நீலக் கதவு தெருப்பக்கம் வந்து நின்றது.

எப்படி வந்தது என்று எல்லாருக்கும் விளங்கியது. விளங்கியதும் அவர்கள் செய்தது இது: இரண்டு நாள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள், மூன்றாம் நாள் உளியும் சம்மட்டியும் எடுத்து வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த உட்சுவர்களை இடித்தார்கள். தெருச்சுவர் ஆறியது, உட்சுவர் ஆறவில்லை. ஒன்றாம் வீட்டிலிருந்து இருபத்துமூன்றாம் வீடு வரை ஒரு சுரங்கம்போல வழி திறந்தது, ஊர் முழுக்க ஜிஸ்லேனின் ஒற்றைக் கதவால் போகவும் வரவும் தொடங்கியது. ஏணிகளை விறகாக்கினார்கள். ரொட்டி, நாய், கட்டில், கோடைவிருந்தாளி எல்லாம் அடுப்பும் மேசையும் கிடந்த அவளுடைய குசினிக்குள்ளால் போயின. உண்மையைச் சொல்வதைவிட அடுத்தவள் குசினியை மிதிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஜிஸ்லேன் மறிக்கவில்லை. தன் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுக்கக் கீழே நகரத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி, இருபத்திரண்டுக்கு எதிராக ஒன்று போதாது என்றார். திரும்பி வந்து அக்கரைக்கு நடந்துபோய் மங்களேஸ்வரியிடம் சொன்னாள்.

"என்ரை வீட்டுக்கு வந்து இருங்கோ. எல்லாரும் என்ரை குசினியாலைதான் போகவேணும். வந்து இருந்து அவையின்ரை முகத்தைப் பாருங்கோ."

மங்களேஸ்வரி தினமும் போனாள். நாலரை மணிக்கு ஏழாம் வீட்டுக் குசினியில் ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்து, போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அவர்கள் வணக்கம் சொன்னார்கள், அவள் சொல்லவில்லை. ஜிஸ்லேன் கோப்பி வைத்தாள், அவள் தொடவில்லை. தண்ணீர் வைத்தாள், அதையும் தொடவில்லை.

"அஞ்சு மாசமாய் இஞ்சை வாறியள். ஒரு மிடறு தண்ணியாவது குடியுங்கோவன்."

"உங்கடை வீட்டிலை நான் பச்சைத் தண்ணியும் குடியன்."

ஜிஸ்லேன் கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

அடுத்த ஒக்டோபரில், பக்கத்து ஊரில் கஷ்கொட்டைத் திருவிழா. ரோக்சவீன் முழுக்கப் போயிருந்தது. நாலு மணிக்கு மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது, நாலே காலுக்குத் தொட்டி கவிழ்ந்தது. நனைந்து தெப்பமாகி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கீழே ஆறு இரையத் தொடங்கிய சத்தம் காதில் விழ, ஊர் படியேறி ஓடிவந்து நீலக் கதவைத் தட்டியது. உள்ளே ஜிஸ்லேனும் மங்களேஸ்வரியும் மட்டும் இருந்தார்கள். ஜிஸ்லேன் எழுந்தாள்.

"இருங்கோ," என்றாள் மங்களேஸ்வரி.

அவள் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெளியே உள்ளங்கைகள் மரத்தில் அடித்தன. அந்தச் சத்தம் உள்ளிருந்து கேட்க எப்படி இருக்கும் என்று ஒரு வருடமாக அவள் யோசித்திருந்தாள். மழைக்கு மேலால் தெளிவாகக் கேட்டது, ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. கேட்கவில்லை என்றார்களே! திறக்காமல் விடுவோம் என்று நினைத்தாள், படியிறங்கிப் போகட்டும், காருக்குள் இருக்கட்டும், ஆறு வரட்டும். ஒரு பானை சோறு வேகிற நேரம் அவள் அப்படி நினைத்தபடி நின்றாள். பிறகு கேட்டாள், தமிழில்.

"உள்ளுக்கை ஆர்?"

வெளியே நின்றவர்கள் எல்லாருக்கும் அந்த இரண்டு சொல்லும் தெரியும். எதைக் கேட்கிறாள் என்பதும் தெரியும். அடி நின்றது.

"நான்," என்றது ரொட்டிக்கடை அர்மானின் குரல். "நான் உள்ளுக்கை இருந்தனான். மனிசி திறவுங்கோ எண்டவள். அடுத்த வீட்டுக்காரன் திறப்பான், பேசாமல் இரு எண்டனான்."

அவள் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, அவரை உள்ளே விட்டு, மூடினாள். பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் எடுத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் இருந்தோம், எழும்பச் சோம்பலும் பஞ்சியுமாக இருந்தது என்றார் ஒருவர். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தேன் என்றாள் ஒருத்தி. இருமியது நான்தான், இருமியதற்காகப் பிறகு வாயைப் பொத்தினேன் என்றார் பதினாறாம் வீட்டுக்காரர். சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள், சிலர் எரிச்சலோடு, குளிர் தாங்காமல் சொன்னார்கள். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஜிஸ்லேன் மேசையில் இருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினாள்.

மேயர் காஸ்தான்யே மட்டும் வரவில்லை. அவர் தேவாலய வாசலில் போய் நின்றார், அதன் பூட்டுச் சாவி அவருடைய வீட்டுக்குள் இருந்தது. ஆறு மணிக்கு, கால் மரத்துப்போய், நீலக் கதவுக்கு வந்து வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை," என்றாள் மங்களேஸ்வரி. "மழைச் சத்தம்."

"மேல் ஜன்னலிலை நிண்டனான்!" என்று அவர் கத்தினார். "ரெண்டு பேரையும் வடிவாய்க் கண்டனான். உங்கடை மனுசன் என்ரை கதவைத் தட்ட முதல் தொப்பியைக் கழட்டினவர். அந்த மழைக்குள்ளை, தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு, தலைமயிரைத் தடவிச் சரி பண்ணிப்போட்டுத் தட்டினவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இது அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் அவள் ஒன்பதாம் கதவை அடித்துக்கொண்டிருந்திருப்பாள். நெற்றியைக் கதவில் வைத்தாள். ஒரு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது, வந்த அழுகையிலும் கோபம்தான் இருந்தது. அப்படிப்பட்ட மனுசனை என்று தமிழில் சொன்னாள், அப்படிப்பட்ட மனுசனையடா என்று மறுபடி சொன்னாள். பிறகு கதவைத் திறந்து மேயரை உள்ளே விட்டாள். அவருக்குத் தலை துடைக்க ஒரு துவாயை எடுத்து எறிந்தாள், கையில் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிய இருபத்துமூன்று கதவுகளும் தெருவில் இருந்தன. அன்றே ஜிஸ்லேன் எழுதியதில் எல்லாரும் ஒப்பம் வைத்தார்கள். மேயர் பதவியை விட்டார். அறிக்கை திருத்தப்பட்டது, பேரின்பநாதன் எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாததால் இறந்தார் என்ற வரியை அடித்துவிட்டு, உதவி மறுக்கப்பட்டதால் என்று எழுதினார்கள். மங்களேஸ்வரி அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், யாருக்கும் போய்வருகிறேன் சொல்லாமல் ரயில் ஏறினாள்.

இரண்டு வருடம் கழித்து ஜிஸ்லேன் பாரிசுக்குத் தொலைபேசி எடுத்தாள். குரலில் சந்தோஷம்.

"நேற்று இஞ்சை பெருமழை. பள்ளத்தைப் பாக்க வந்த அஞ்சு பேர், ஆரெண்டே தெரியாது, எந்த நாடோ தெரியாது. முதல் துளி விழுந்த உடனை இருபத்துமூண்டு வீடும் கதவைத் திறந்துபோட்டு வாசலிலை நிண்டம். ஆர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது எண்டு சண்டை. ஊர் திருந்தீட்டுது, என்ன?"

மங்களேஸ்வரி அடுப்பைக் குறைத்தாள்.

"திருந்தேல்லை. பயந்து போனியள்."

"ஓம்," என்றாள் ஜிஸ்லேன். "பயம்தான்."

"பயம் காணும், அதுவே போதும். அந்த அஞ்சு பேருக்கும் உடுப்பு மாத்தக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தம்."

"சரி," என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.